ஸ்லோமோஷன் வீடியோ எங்கே சொதப்புகிறது?

ஆடிப்பெருக்கு அன்று படித்துறையிலிருந்து பையன்கள் ஆற்றில் குதிப்பதை நொடிக்கு 240 பிரேமில், அதாவது 240 தனித்தனிப் படங்களாக, எடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே வந்துவிடும். வெயில்தான் காரணம். அதே செட்டிங்கோடு இரவில் சாமி புறப்பாட்டுக்குப் போனால்தான் வம்பு. ஸ்லோமோஷன் என்றதும் மெனுவில் இருக்கிற பெரிய எண்ணைத் தட்டிவிடுகிறோம் இல்லையா, அதுதான் முதல் தவறு.

எடிட்டிங் டைம்லைன், அதாவது முடிந்த வீடியோ, நொடிக்கு எத்தனை பிரேமில் ஓடும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 25 என்றால் 100-ல் எடுத்தது சரியாக நான்கு மடங்கு மெதுவாகும்; 30 என்றால் 120. சாதாரணமாக 30-ல் எடுத்துவிட்டு அப்புறம் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இல்லாத பிரேமை மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்பும். கல்லணை மதகில் பொங்கும் நுரையை அப்படி இழுத்தால் கூழாகிவிடும்.

ஷட்டர் ஸ்பீடு (ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் உள்ளே வரும் நேரம்), பிரேம் ரேட்டைப் போல இரண்டு மடங்கு என்பது பொதுக்கணக்கு: 120-க்கு 1/240 அல்லது 1/250 நொடி. ஆட்டோவில் விட்டால் உச்சி வெயிலில் கேமரா 1/2000-க்குப் போய்விடும், அசைவு வெட்டி வெட்டித் தெரியும். லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டால் சரியாகும். தண்ணீருக்கு மட்டும் இந்த விதியைத் தாராளமாக மீறலாம் என்பது என் கட்சி. துளி துளியாகத் தெறிப்பது அழகுதானே.

இனி இரவு. கும்பகோணத்தில் ஒரு கோயில் வாசல், டியூப்லைட், சீரியல் பல்பு, நடுவே தவில் தனி. வலது கையில் கூடு மாட்டிய விரல்கள், இடது கையில் குச்சி. ஸ்லோமோஷனுக்கென்றே பிறந்த காட்சி. 240-ல் எடுத்துப் பார்த்தால் படம் முழுக்க விளக்கு துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அது, வேகத்தைக் குறைத்ததும் அப்பட்டமாகத் தெரிகிறது. 120-ம் இதில் உதவாது, 100-ஓடு ஒத்துப்போகாத எண் அது.

கேமரா மெனுவில் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான பால் (PAL) முறைக்கு மாற்றி 100 பிரேம், 1/100 ஷட்டர் வையுங்கள். ஒவ்வொரு பிரேமிலும் விளக்கின் ஒரு முழுத் துடிப்பு அடங்கிவிடும். இரண்டு மடங்கு கணக்கு இங்கே உடைகிறது, விரல் கொஞ்சம் கலங்கித் தெரியும். துடிப்பதற்கு அது எவ்வளவோ மேல். கேமரா 1/125-க்குக் கீழே இறங்கவில்லையென்றாலும் பெரிதாகத் தெரியாது. மலிவான எல்இடி சில வேறு கணக்கில் துடிக்கும், அதனால் பத்து நொடி எடுத்து அங்கேயே ஓட்டிப் பாருங்கள். பால் முறைக்கு மாற்றும்போது சில கேமராக்கள் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும். அதை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெளிச்சக் கணக்கும் உண்டு. 1/50-லிருந்து 1/500-க்குப் போனால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும், அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறி இருட்டெல்லாம் புள்ளி புள்ளியாகும். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். நடுவில் தீவட்டி கடந்தால் ஆட்டோ தடுமாறும்.

பல கேமராக்கள் ஸ்லோமோஷன் முறையில் ஒலியைப் பதிவதே இல்லை. தவில் சத்தமும் வேண்டுமென்றால் போனில் தனியாக ரெக்கார்டிங் ஓடட்டும்.