கடைசி நிமிடத்தில் நடுவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1990 அக்டோபர் 6. மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கொலராடோ பல்கலைக்கழக அணியும் மிசௌரி பல்கலைக்கழக அணியும் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடியப் போகிறது. மிசௌரி 31–27 என்று முன்னால் இருக்கிறது. பந்து கொலராடோவிடம். எதிரணியின் கோல் கோட்டைத் தொட இன்னும் மூன்று யார்டுதான்.

இந்த விளையாட்டு அறிமுகமில்லாதவர்களுக்கு ஒரு வரி: பந்து வைத்திருக்கும் அணிக்கு ஒரு நேரத்தில் நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். நான்கிலும் வேண்டிய தூரம் போகாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

முதல் டவுனில் கொலராடோவின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) சார்லஸ் ஜான்சன் கடிகாரத்தை நிறுத்துவதற்காகப் பந்தைத் தரையில் அடித்தார். இதை ஸ்பைக் என்பார்கள். அதுவும் ஒரு டவுனாகத்தான் கணக்கில் வரும். இரண்டாவதில் எரிக் பியெனிமி பந்தோடு பாய்ந்தார், கோட்டுக்குச் சற்று முன்னால் விழுந்தார். கொலராடோ டைம்அவுட் கேட்டது. அந்த இடைவெளியில் ஓரக்கோட்டில் நிற்கும் டவுன் பலகையை 2-இலிருந்து 3-க்கு மாற்றியிருக்க வேண்டும். யாரும் மாற்றவில்லை. மூன்றாவது முயற்சியிலும் பியெனிமியை மடக்கிவிட்டார்கள். பலகை 3 என்று காட்டியதால், இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் என்று ஜான்சன் மறுபடியும் ஸ்பைக் செய்தார். உண்மையில் அது நான்காவது டவுன். இரண்டு நொடி மிச்சமிருக்க, பந்து மிசௌரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஐந்தாவது டவுனில் ஜான்சன் உள்ளே பாய்ந்தார். டச் டவுன், அதாவது பந்து கோட்டைத் தாண்டியது, ஆறு புள்ளி என்று நடுவர்கள் கை தூக்கினார்கள். 33–31, கொலராடோவுக்கு வெற்றி. அந்த ஆண்டின் தேசிய சாம்பியன் பட்டத்தை ஜார்ஜியா டெக் அணியோடு பங்கு போட்டுக்கொண்டதும் இதே கொலராடோதான்.

கடைசி நிமிடத் தவறு என்றாலே நாம் கண்ணைத்தான் குறை சொல்கிறோம்: நடுவர் பார்க்கவில்லை, தப்பாகப் பார்த்துவிட்டார் என்று. இப்படிப்பட்ட ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. மனிதக் கண் தவறும், அதை முழுக்க ஒழிக்க முடியாது. ஆனால் எண்ண மறப்பது, விதி மறப்பது, சக நடுவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கை தூக்குவது, இவையெல்லாம் தவிர்க்கக்கூடியவை. அதனால்தான் இவை அதிகம் வலிக்கின்றன.

டவுனை எண்ண நடுவர்களுக்கு ஒரு எளிய கருவி உண்டு. மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து நீளும் ரப்பர் வளையம். முதல் டவுன் என்றால் ஆள்காட்டி விரலில், இரண்டாவது என்றால் நடுவிரலில் என்று மாட்டிக்கொண்டே போக வேண்டும். பலகையைப் பார்த்து விரலை மாற்றினால் இதனால் பயனில்லை. விரலையும் பலகையையும் தனித்தனியாக நகர்த்தி, ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க வேண்டும். டைம்அவுட் முடிந்ததும் ஆட்டத்தைத் தொடங்கும் முன் ஒருவருக்கொருவர் விரலைக் காட்டி உறுதி செய்துகொள்ள ஐந்து நொடி போதும்.

அடுத்தது, கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்ட பின் என்ன செய்வது என்ற விதி. 2016 செப்டம்பர் 10 அன்று ஓக்லஹோமா ஸ்டேட் அணி சென்ட்ரல் மிச்சிகன் அணியை விட 27–24 என்று முன்னால் இருந்தது. நான்கு நொடி மிச்சம், நான்காவது டவுன். நேரத்தைக் கரைப்பதற்காக ஓக்லஹோமா ஸ்டேட் குவாட்டர்பேக், பிடிக்க ஆளே இல்லாத பக்கம் பந்தைத் தூக்கி எறிந்தார். அது குற்றம், அதைக் காட்ட நடுவரின் கொடி விழுந்தது. நேரமும் முடிந்தது. குற்றம் நடந்ததால் கடிகாரம் ஓடாமல் எதிரணிக்கு ஒரு வாய்ப்பு தர வேண்டும் என்று நடுவர்கள் முடிவெடுத்தார்கள். பொதுவான விதி அப்படித்தான். ஆனால் அதற்கு ஒரு விலக்கு உண்டு: தண்டனையிலேயே டவுன் இழப்பும் சேர்ந்திருந்தால் ஆட்டத்தை நீட்டக் கூடாது. இந்தக் குற்றம் அந்த வகை. ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். சென்ட்ரல் மிச்சிகனுக்கு 51 யார்டு தொலைவிலிருந்து ஒரு இனாம் வாய்ப்பு கிடைத்தது. நீள வீச்சு, பிடித்தவர் தடுமாறும்போதே பின்னால் வந்தவருக்குத் தட்டிவிட்டார், அவர் கோட்டைத் தொட்டார். 30–27. நடுவர் குழு இடைநீக்கம் செய்யப்பட்டது, முடிவு மட்டும் மாறவில்லை. காணொளியை மறுபடி ஓட்டிப் பார்க்கும் ரீப்ளே அறையில் இருந்தவர்களும் குறுக்கிட்டுச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் கூடிப் பேசும் வழக்கம் எல்லா மட்டத்திலும் இருக்கிறது. எப்போதோ ஒருமுறை வரும் இந்தக் கடைசி நொடி விதிகளை அந்தக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். எப்போதாவது வருவதால்தானே மறந்துபோகிறது.

கடிகாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: 2015 அக்டோபரில் சான் டியேகோவில் ஸ்டீலர்ஸ் அணி ஆடியபோது, நிற்க வேண்டிய கடிகாரம் 18 நொடி சும்மா ஓடிவிட்டது. களத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஸ்டீலர்ஸ் எப்படியோ கடைசி முயற்சியில் 24–20 என்று ஜெயித்ததால் பெரிதாகவில்லை. ஒவ்வொரு முறை பந்து நின்றதும் பலகையில் உள்ள நேரத்தை மனதில் குறித்துக்கொள்வது நடுவரின் பழக்கமாக வேண்டும்.

அப்புறம், சமிக்ஞை. 2012 செப்டம்பர் 24, சியாட்டில். வழக்கமான நடுவர்களுக்கும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் நிர்வாகத்துக்கும் ஊதியத் தகராறு, மாற்று நடுவர்கள் களத்தில். கிரீன் பே பேக்கர்ஸ் 12–7 என்று முன்னால். கடைசி நொடியில் சியாட்டிலின் ரஸ்ஸல் வில்சன் எறிந்த பந்தை கிரீன் பேயின் எம்.டி. ஜென்னிங்ஸ் மார்போடு அணைத்துக்கொண்டார், சியாட்டிலின் கோல்டன் டேட்டும் கை நுழைத்தார். அருகருகே நின்ற இரு நடுவர்களில் ஒருவர் டச் டவுன் என்று கை தூக்கினார், மற்றவர் தலைக்கு மேல் கைகளை வீசி நேரத்தை நிறுத்தினார். இருவரும் பேசிவிட்டு ஒரே முடிவைக் காட்டியிருந்தால் அந்தப் படம் இன்று வரை சுற்றிக்கொண்டிருக்காது. தாவும் முன் டேட் எதிராளியை முதுகில் தள்ளிவிட்டதற்குக் கொடி விழுந்திருக்க வேண்டும் என்று மறுநாள் என்எஃப்எல் ஒப்புக்கொண்டது. சியாட்டிலுக்கு வெற்றி என்ற 14–12 முடிவு அப்படியே நின்றது. இரண்டு நாளில் வழக்கமான நடுவர்களோடு உடன்பாடு வந்தது.

அவசர விசிலும் இதே குடும்பம்தான். 2008 செப்டம்பரில் டென்வர் – சான் டியேகோ ஆட்டத்தில் டென்வர் குவாட்டர்பேக் ஜே கட்லர் கையிலிருந்து பந்து நழுவியது. அனுபவசாலியான நடுவர் எட் ஹோக்கூலி அதை முழுமையடையாத பாஸ் (யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்த வீச்சு) என்று நினைத்து விசில் ஊதினார். சான் டியேகோ பந்தைக் கைப்பற்றியிருந்தும், விசில் ஊதியதால் அன்றைய விதிப்படி பந்து டென்வரிடமே இருந்தது. டென்வர் 39–38 என்று ஜெயித்தது. திட்டி எழுதியவர்களுக்கெல்லாம் ஹோக்கூலி மின்னஞ்சலில் பதில் எழுதித் தன் தவறை ஒப்புக்கொண்டார். அவர் மீது எனக்கு மரியாதை கூடியது அதனால்தான். அடுத்த ஆண்டு விதியும் திருத்தப்பட்டது. பந்து தரையில் உருளும்போது சந்தேகம் இருந்தால் ஊதாமல் விட்டுவிடுவதுதான் சரி. ஆட்டம் ஓடிவிட்டால் ரீப்ளே பார்த்துத் திரும்ப வரலாம், ஊதிய விசிலைத் திரும்ப எடுக்க முடியாது.

கடைசி நேரத்தில் கொடி வீசத் தயங்குவது வேறு வகைத் தவறு. நடுவர் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது, ஆடவிடுங்கள் என்று ஒரு வாதம் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸ். செயின்ட்ஸ், ராம்ஸ் அணிகள் 20–20 சமநிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பந்து வந்து சேரும் முன்பே செயின்ட்ஸின் டாமிலீ லூயிஸை ராம்ஸின் நிக்கெல் ரோபி-கோல்மன் இடித்துத் தள்ளினார். கொடி விழவில்லை. ராம்ஸ் கூடுதல் நேரத்தில் 26–23 என்று வென்று சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டிக்குப் போனது. கொடி வீசாததும் முடிவைத் தீர்மானித்ததுதானே? முதல் கால்பகுதியில் குற்றம் என்றால் கடைசி நிமிடத்திலும் குற்றம்தான். இந்த வகைத் தவறை ரீப்ளே மூலம் திருத்த 2019 பருவத்தில் விதி கொண்டுவந்தார்கள். சரியாக வேலை செய்யவில்லை, ஒரே ஆண்டில் கைவிட்டார்கள்.

தவறு நடந்து ஆட்டம் முடிந்துவிட்டால், முடிவை மாற்ற நடுவர்களுக்கு அதிகாரம் கிடையாது. மிசௌரி ஆட்டத்துக்குப் பிறகு, வெற்றியை விட்டுக்கொடுப்பீர்களா என்று கொலராடோ பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னியிடம் கேட்டார்கள். அவர் மறுத்தார்.

அதற்கு ஐம்பது ஆண்டு முன்பு, 1940 நவம்பர் 16 அன்று, டார்ட்மத் களத்தில் கார்னெல் அணி இதேபோல் ஐந்தாவது டவுனில் கடைசி நொடிகளில் டச் டவுன் அடித்து 7–3 என்று ஜெயித்தது. படச்சுருளைப் போட்டுப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. தலைமை நடுவர் ரெட் ஃப்ரீசெல் தன் தவறு என்று எழுதிக் கொடுத்தார். கார்னெல் அது வரை பல ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அணி. வெற்றியைத் திருப்பித் தருகிறோம் என்று டார்ட்மத்துக்குத் தந்தி அடித்தது. டார்ட்மத் ஏற்றுக்கொண்டது. அந்த ஆட்டம் பதிவேட்டில் டார்ட்மத் 3, கார்னெல் 0 என்று இருக்கிறது.