படம் வந்ததும் பேச ஆரம்பிக்காதீர்கள்

திரையில் போட்டோ வந்த அடுத்த நொடியே "இது என்ன தெரியுமா" என்று விளக்க ஆரம்பித்துவிடுகிறோம். வகுப்பில் டிஜிட்டல் படங்களைக் காட்டும்போது நடக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன், ஏனென்றால் மாணவர்களின் கண் படத்தில் பதிவதற்கு முன்பே காதில் விடை விழுந்துவிடுகிறது, அப்புறம் அவர்கள் எதற்காகப் பார்க்க வேண்டும்?

ஒருமுறை சிலந்தியின் க்ளோசப் போட்டோ ஒன்றைப் போட்டேன். கால்களை எண்ணச் சொன்னதோடு சரி, ஒரு நிமிடம் வாயே திறக்கவில்லை. ஒரு பெண் "பத்து" என்றாள். மற்றவர்கள் எட்டுதான் என்று சண்டைக்கு வர, அவள் திரைக்கே போய் விரல் வைத்து எண்ணிக் காட்டினாள். வாயருகே இருக்கிற ஒரு ஜோடி உணர் உறுப்புகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள், பார்க்க அவை குட்டிக் கால் மாதிரியேதான் இருக்கும். அன்றைய பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது. "எட்டுக் கால் சிலந்தி" என்று படத்துக்குக் கீழே நானே எழுதி வைத்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. அதனால் முதலில் படம் மட்டும், பெயரும் குறிப்பும் பிறகு.

அடுத்து அளவு. திரையில் எறும்பும் யானையும் ஒரே உயரத்தில் நிற்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே குழப்பம். நீங்களே படம் எடுக்கிறீர்கள் என்றால் பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ பென்சிலையோ வைத்து எடுங்கள். ஸ்லைடில் இடத்தை நிரப்பப் படத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள், வட்டம் நீள்வட்டமாகிவிடும்.

நிறத்தைச் சொல்லாமல் விடுவதும் தவறுதான். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' என்கிற வாயு, தூசு மேகங்களின் படத்தைப் பார்த்துவிட்டு விண்வெளி அப்படியே பச்சையும் பழுப்புமாக இருக்கும் என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். அதில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று விஞ்ஞானிகள் ஒதுக்கிய நிறங்கள்தான் இருக்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களும் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும், வண்ணம் பின்னால் சேர்ப்பது. இதைச் சொன்னால் சுவாரசியம் குறையாது, ஏன் அப்படி நிறம் கொடுத்தார்கள் என்ற நல்ல கேள்வி வரும்.

அழகுக்காகப் படம் வைக்காதீர்கள். பாடத்தோடு ஒட்டாத படம் கவனத்தைத் திருடும். ஒரு வகுப்புக்கு மூன்று, நான்கு போதும்.

தேடலில் கிடைத்த படமெல்லாம் இலவசம் இல்லை. படங்களைப் பகிரும் இணையதளமான விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் எழுதியிருக்கும், அதைப் படித்து, எடுத்தவர் பெயரையும் போடுங்கள். மாணவர்களின் முகம் தெரிகிற போட்டோவைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வெளியே பகிரவே கூடாது, அதோடு போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம் என்பதால் கேமரா அமைப்பில் லொக்கேஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.