பழைய ரேசிங் சைக்கிளில் மிதிக்கும்போது சத்தமா? பி.பி.யில் கை வைக்குமுன் பார்க்க வேண்டியவை

2022இல் பெற்றோலுக்கு வரிசை நீண்டபோது மட்டக்களப்பில் மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் மறுபடி ரோட்டுக்கு வந்தன. அப்படி மிதிக்கத் தொடங்கி அதில் ருசி கண்ட சிலர் கியர் வைத்த ரேசிங் சைக்கிள் பக்கம் போனார்கள். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால் பெரும்பாலும் பாவித்ததுதான், அதிலும் ஜப்பானிலிருந்து வந்து இறங்கியது. நல்ல சாமான்கள் அவை. பார்த்துப் பராமரித்தால் இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் வாங்கிய கையோடு ஒரு கேள்வியும் வந்துவிடும்: "மிதிக்கக்குள்ள டக்கு டக்கெண்டு ஒரு சத்தம் வருது, என்னவா இருக்கும்?"

பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்லும் பதில், "பி.பி. போயிருக்கும்." பெடலைத் தாங்கும் கைதான் கிராங். அதன் அச்சும் அது உருளுகிற பேரிங்கும் சேர்ந்ததைத்தான் பி.பி. (பொட்டம் பிராக்கெட்) என்கிறோம், ஃபிரேமின் அடியிலுள்ள கூட்டுக்குள் அது இருக்கும். இந்த ஒரு பதிலால் வீணாகும் காசும் பழுதாகும் ஃபிரேமும் கொஞ்சநஞ்சமில்லை. சத்தத்தைத் தேடும்போது வழக்கமாகச் செய்யும் நான்கு தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காது காட்டிய இடத்தைக் கழற்றுவது

சைக்கிள் ஃபிரேம் முழுக்க வெறும் குழாய். ஒரு மூலையில் எழும் சத்தம் அந்தக் குழாய் வழியாக ஓடி இன்னொரு மூலையில் கேட்கும். சீட் பைப்பில் வரும் கிறீச் சத்தம் காலடியில் வருவது போலவே இருக்கும். பின்சக்கர அச்சு தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். ஆகவே காதை மட்டும் நம்பி முதலில் பி.பி.யைக் கழற்றக் கூடாது. அதற்குத் தனிச் சாவிகள் வேண்டும், மரையின் திசையும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே கிடைக்கும் ஜப்பான் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஆங்கில மரை கொண்டவை, கூட்டின் அகலம் 68 மில்லிமீற்றர். அதில் செயின் பக்கக் கப் (பி.பி.யைக் கூட்டில் பிடித்திருக்கும் மரை வளையம்) இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இத்தாலிய மரை என்றால் கூடு 70 மில்லிமீற்றர், இரண்டு பக்கமும் சாதாரண மரை. இது தெரியாமல் நீளமான குழாயை ஸ்பனரில் செருகி ஏறி மிதித்தால் மரை உரிந்துபோகும். அதற்குப் பிறகு ஃபிரேமைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

சத்தம் எங்கே என்று தேடுமுன் எப்போது வருகிறது என்று பாருங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டாலும் நல்லது. மிதிப்பதை நிறுத்திச் சைக்கிளைத் தானாக ஓட விடுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் சக்கரம்தான்: பிரேக் கட்டை உரசுகிறது, கம்பி தளர்ந்திருக்கிறது, அல்லது வால்வின் நட்டு றிம்மில் ஆடுகிறது. ஃப்ரீவீலின் சீரான டிக் டிக் குறையே அல்ல. மிதித்தால் மட்டும் சத்தம் என்றால், சீட்டை விட்டு எழுந்து நின்று மிதியுங்கள். நின்றவுடன் சத்தம் போனால் சீட்டும் சீட் பைப்பும்தான் காரணம். நின்றால் மட்டும் வந்தால் ஹாண்டில், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம், சக்கர அச்சுகள் ஆகியவற்றைப் பாருங்கள்.

அடுத்தது தாளம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை, ஆனால் பாதி வேலையை இதுவே முடித்துவிடும். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு முறை, அதுவும் ஒரே கால் இறங்கும்போது சத்தம் வந்தால் பெடல், கிராங், செயின் வீல் போல்ட்டுகள், பி.பி. ஆகியவற்றில் ஒன்று. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை வந்தால் அது செயின். கணக்கு எளிது: செயினில் 110 கண்ணி, முன் பல்சக்கரத்தில் 52 பல் என்றால், செயின் ஒரு முழுச் சுற்று வர பெடல் இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். 39 பல் என்றால் ஏறத்தாழ மூன்று சுற்று. இறுகிப்போன ஒரு கண்ணி இருந்தால் அந்த இடைவெளியில்தான் டக் என்று அடிக்கும். பெடலைக் கையால் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டு பின் கியர் மாற்றியின் சின்னச் சக்கரங்களைப் பாருங்கள். அந்தக் கண்ணி வரும்போது கியர் மாற்றி ஒரு துள்ளுத் துள்ளும். ஒரு சொட்டு ஒயில் விட்டு, அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் லேசாக இப்படியும் அப்படியும் வளைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். பெடலை விட வேகமான தாளம் என்றால் சக்கரம். முன்னே 52, பின்னே 17 பல்லில் ஓடும்போது பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும். கியரை மாற்றிப் பாருங்கள், தாளமும் மாறினால் பெடல் பக்கம் தேட வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மட்டக்களப்பு முழுக்கச் சமதரை. பாரம் ஏறினால்தான் எழும் சத்தம் நாவற்குடாவிலிருந்து ஆரையம்பதி வரை போனாலும் வாயே திறக்காமல் இருக்கும். கல்லடிப் பாலத்தில் ஏறும்போதோ எதிர்க்காற்றில் மிதிக்கும்போதோ மட்டும் வரும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே தூக்கி வைத்துக் கையால் சுற்றிப் பார்த்து "ஒண்டுமில்லையே" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பாரம் இல்லாமல் அந்தச் சத்தம் வராது. ஆகவே நின்ற இடத்திலேயே பாரம் கொடுங்கள். சைக்கிள் அருகே நின்று இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து, கிராங்கைக் கிடையாக வைத்து, முன்னால் இருக்கும் பெடலைக் காலால் விட்டுவிட்டு அழுத்துங்கள். சத்தம் எழுந்தால், இன்னொருவரை ஒவ்வொரு பொருத்திலும் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காது ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறாது. எந்தப் பொருத்தில் அந்தத் துடிப்பு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படுகிறதோ அங்கே பாருங்கள்.

பேரிங் அரைபடும் சத்தத்துக்கு வேறு வழி. வாவியில் மீன் பாடுவதைக் கேட்கத் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைப்பார்கள் அல்லவா, அதேபோல நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பி.பி. கூட்டில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, இன்னொருவரைக் கிராங்கை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். நல்ல பேரிங் மெல்லிய இரைச்சலோடு ஓடும். மணல் புகுந்தது கரகரக்கும்.

சத்தம் வந்த இடமெல்லாம் ஒயில் அடிப்பது

கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கும் ஊரில் உப்புக் காற்றும் மணலும் சைக்கிளை விடாது. அதனால் எதற்கெடுத்தாலும் ஒயில் என்ற பழக்கம் வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கறுத்த ஒயிலைச் செயினில் ஊற்றுகிறவர்கள் உண்டு. தடித்த அந்த ஒயிலில் மணல் ஒட்டி, செயினும் பல்சக்கரமும் சேர்ந்து அரைபடும். துரு இளக்கும் ஸ்பிரேயைப் பேரிங் பக்கம் அடிப்பது அதைவிடக் கெடுதல், உள்ளே இருக்கும் கிறீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும். செயினுக்கு மெல்லிய ஒயில் போதும். முதலில் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் உள்பக்கம் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளிப்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கீச் கீச் என்ற சத்தம் அதோடு போய்விடும். மற்றபடி டக் என்றோ கிறீச் என்றோ வருவது பெரும்பாலும் ஏதோ ஒரு பொருத்து தளர்ந்திருப்பதால், அல்லது அதற்குள் அழுக்கு இருப்பதால். அதைக் கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசி, சரியான இறுக்கத்தில் பூட்ட வேண்டும்.

அந்த வேலையைப் பெடலில் தொடங்குங்கள். செலவில்லாதது, அடிக்கடி இதுவே காரணமாகவும் இருக்கும். 15 மில்லிமீற்றர் ஸ்பனர் வேண்டும், சிலவற்றுக்கு 6 அல்லது 8 மில்லிமீற்றர் அலன் கீ. இடது பெடல் எதிர் மரை என்பதை மறக்க வேண்டாம். கழற்றிப் பார்த்தால் மரையின் பள்ளங்களில் கறுத்த பசையும் பொடி மணலும் அப்பியிருக்கும். பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுத்து, கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். நண்பரின் சைக்கிள் பெடலை மாட்டிப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை, ரேசிங் சைக்கிள் பெடல் மரை ஏறத்தாழ எல்லாமே 9/16 அங்குலம்தான்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்குவது

சத்தம் பிடிபடாத கோபத்தில் அலன் கீயை எடுத்துக் கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் இறுக்குவார்கள். சத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. அதோடு ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் இறுக்க அளவு உண்டு, அதை நியூட்டன் மீற்றரில் சொல்வார்கள். கிராங் போல்ட்டுக்கும் பெடலுக்கும் 35 முதல் 40 நியூட்டன் மீற்றர் வரை தேவைப்படும், சீட் பைப் கிளாம்புக்கு 5 அளவில் போதும். அலுமினியத்தில் இந்த வித்தியாசம் தெரியாமல் கை வைத்தால் மரை போய்விடும். காபன் பாகங்களுக்குச் சாதாரண கிறீஸும் கூடாது, அதற்கென்று தனிப் பசை இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தாமதிக்கவே கூடாது: கிராங். சதுர அச்சில் பூட்டும் கிராங் கொஞ்சம் தளர்ந்தாலும் உடனே நிறுத்துங்கள். அச்சு இரும்பு, கிராங் அலுமினியம். தளர்ந்தபடி வீடு வரை மிதித்தால், அந்தச் சதுர ஓட்டையின் நான்கு மூலையும் உருண்டு வழவழத்துப் போகும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டும். கையில் சாவி இல்லையென்றால் தயவுசெய்து உருட்டிக்கொண்டு போங்கள்.

சீட் பைப்பை வாங்கிய நாளிலேயே ஒரு முறை வெளியே இழுத்துப் பாருங்கள். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினிய பைப் வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால், உப்பும் ஈரமும் சேர்ந்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். வெளியே வரும் பைப்பில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி படிந்திருக்கும், நடுவில் துருவின் செம்மஞ்சள் வளையம் தெரியும். கிறீச் சத்தம் பல நேரம் அந்தப் பொடியில்தான். துடைத்து, கிறீஸ் பூசி, பழைய உயரத்துக்கே இறக்குங்கள். கார்த்திகை மார்கழி மழையில் நனைந்த சைக்கிள் என்றால் பைப்பைக் கழற்றியவுடன் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி பி.பி. கூட்டுக்குள்தான் தேங்கும்.

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள்: கிராங்கில் தட்டும் கேபிள் நுனி, செயின் உரசும் முன் கியர் மாற்றி, சப்பாத்துக் கயிறு, தண்ணீர்ப் போத்தல் தாங்கியின் போல்ட், சக்கரத்தைப் பூட்டும், சரியாக மடிக்காத குயிக் ரிலீஸ் லீவர். லீவரை மடக்கும்போது உள்ளங்கையில் அச்சுப் பதியும் அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும்.

வெடிப்பைப் பாராமல் விடுவது

பாவித்த சைக்கிள் எங்கே விழுந்தது, எதில் மோதியது என்று நமக்குத் தெரியாது. ஆகவே சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடைத்து, காலை வெயில் சரிவாக விழும் நேரத்தில் ஃபிரேமைப் பாருங்கள். பி.பி.யைச் சுற்றியுள்ள வெல்டிங், ஹாண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடம், சீட் கிளாம்புக்குக் கீழ், பின்சக்கரம் உட்காரும் காது ஆகியவைதான் முக்கியம். பெயின்ற்றில் மயிரிழை போலக் கோடு ஓடினால், அதிலிருந்து துரு கசிந்தால், நகத்தால் வருடும்போது தட்டுப்பட்டால், அந்தச் சைக்கிளில் ஏற வேண்டாம். வெல்டிங் கடையில் ஒட்டிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. இரும்பை அனுபவமுள்ளவர் ஒட்டலாம். வெப்பத்தால் பதப்படுத்திய அலுமினிய ஃபிரேம் வெல்டிங் சூட்டில் பலம் இழந்து, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற சைக்கிள் என்றால் இந்த ஒரு சோதனையையாவது காசு கொடுக்குமுன் செய்யுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் சத்தம் இருந்தால், சரி, இப்போது பி.பி. செயினைப் பல்சக்கரத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஒரு கிராங் மட்டும் ஆடினால் அந்தக் கிராங்தான் தளர்வு. இரண்டும் சேர்ந்து ஆடினால், அல்லது சுற்றும்போது கரகரத்தால், பி.பி. பழுது. மூடிய வகை என்றால் திருத்த முடியாது, மாற்ற வேண்டும். கழற்றியதை எறிந்துவிடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். 68 அல்லது 70 என்று கூட்டின் அகலமும், 110 அல்லது 113 போல அச்சின் நீளமும் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும், அதே அளவில்தான் வாங்க வேண்டும். பழைய கப் வகை என்றால் கப்பிலும் அச்சிலும் குழி விழாமல் இருந்தால் குண்டுகளை மட்டும் மாற்றிப் புதுக் கிறீஸ் வைத்தால் போதும்: பக்கத்துக்கு 11, கால் அங்குலக் குண்டு.