மூக்கின் வடிவை மாற்றும் அறுவை சிகிச்சை: எந்தக் குறைக்கு எந்த வழி

மூக்கின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. அதற்குக் கீழே குருத்தெலும்பு. உங்களை உறுத்துவது எந்தப் பகுதி என்று முதலில் முடிவு செய்யுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்தே அமையும்.

மூடிய முறையில் கீறல் முழுவதும் மூக்குக்குள் இருக்கும். வெளியே தழும்பு தெரியாது. மூக்குத் தண்டில் புடைத்திருக்கும் சிறிய திமிலைச் சீவ இதுவே போதும். நுனியைத் திருத்தவும், கோணலை நிமிர்த்தவும், ஏற்கெனவே செய்த அறுவையைச் சரிசெய்யவும் பெரும்பாலும் திறந்த முறைதான் ஏற்றது. இதில் இரு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள தோலில் சிறு கீறல் போட்டு, தோலைத் தூக்கி, கண்ணால் பார்த்துத் தைப்பார்கள். நுனி வீக்கம் வடியத்தான் கூடுதல் நாளாகும்.

திமிலைச் சீவினால் மேல்பகுதி தட்டையாகத் திறந்து நிற்கும். அதை மூட, பக்கவாட்டு எலும்புகளை வெட்டி உள்ளே நகர்த்துவார்கள். இங்கே அளவு மீறினால் நடுப்பகுதி உள்வாங்கி, மூச்சுப் பாதை குறுகிவிடும். அழகு கூடி மூச்சு குறைவது நல்ல அறுவையே அல்ல. அதைத் தடுக்க, இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரின் இருபுறமும் குருத்தெலும்புப் பட்டை வைத்துத் தைப்பார்கள். பட்டையை நடுச்சுவரிலிருந்தே எடுப்பது வழக்கம். அப்போதும் நடுச்சுவரின் மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் குறைந்தது 1 செ.மீ. அகலம் விட்டுவைக்க வேண்டும், இல்லையேல் மூக்கு அமுங்கும். போதாவிட்டால் காது அல்லது விலாவின் குருத்தெலும்பிலிருந்து எடுப்பார்கள்.

கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்து மூச்சிழுத்துப் பாருங்கள். மூச்சு சட்டென்று எளிதானால் உள்பாதை குறுகலாக இருக்கக்கூடும். இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தோல் தடிப்பாக இருந்தால் நுனியில் செய்த நுணுக்கம் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

தோலுக்கடியில் கூழ் போன்ற பொருளைச் செலுத்தும் ஃபில்லர் ஊசி பள்ளத்தை நிரப்பும், மூக்கைச் சிறிதாக்காது. அது ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், பார்வையே பறிபோகலாம்.

புகையைச் சில வாரங்கள் முன்பே நிறுத்துங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரைக் கேளுங்கள். மேல்கட்டு சுமார் 7 நாள். கண்ணடிக் கன்றல் பெரும்பாலும் 2 வாரத்தில் மறையும். கண்ணாடியின் எடை பல வாரங்களுக்கு மூக்கில் விழக்கூடாது. இறுதி வடிவம் தெரிய ஓராண்டு ஆகும் என்பதால் மறு அறுவையை அதற்கு முன் யோசிக்க வேண்டாம்.

வலி கூடிக்கொண்டே போய் மூக்கு இருபுறமும் அடைத்தால் நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றே வடிக்காவிட்டால் குருத்தெலும்பு செத்துப்போகக்கூடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.