நூலும் ஸ்கேலும் போதும்: வீட்டிலேயே காரின் டோ அளவைப் பார்த்துச் சரிசெய்வது

வீல் அலைன்மென்டில் மூன்று கோணங்கள் உண்டு. மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது டோ. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருப்பது கேம்பர். ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு காஸ்டர். வீட்டில் நம்பிக்கையாகத் திருத்தக்கூடியது டோ மட்டுமே. டயரை வேகமாகத் தின்பதும் பெரும்பாலும் அதுதான்.

முதலில் டயரைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையைக் குறுக்கே ஒரு பக்கம் இழுத்தால் வழவழப்பாகவும், எதிர்ப்பக்கம் இழுத்தால் ரம்பம்போலவும் இருந்தால் டோ தவறு. ஒரு விளிம்பு மட்டும் மழுங்கத் தேய்ந்திருந்தால் கேம்பரையும் சந்தேகிக்கலாம். இரு விளிம்பும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்பதற்காக மட்டும் டை ராடை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி, டோவைத் திருத்துவது இதில்தான்) தொடாதீர்கள். இழுப்புக்குக் காற்று வித்தியாசம், பிடித்துக்கொண்ட பிரேக், டயரின் கோளாறு ஆகியவையே அதிகம் காரணம்.

அளக்கும் முன்

நான்கு டயரிலும் குறிப்பிட்ட அளவு காற்று இருக்க வேண்டும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கடிகார முள் 9, 3 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராடின் வெளி மூட்டையோ (டை ராட் எண்ட்) உள் மூட்டையோ (ரேக் எண்ட்) பாருங்கள். 12, 6 இடங்களில் ஆட்டம் என்றால் பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு) அல்லது பேரிங். ஆட்டம் உள்ள வண்டியில் அலைன்மென்ட் செய்வது வீண் வேலை. பழுதான பாகத்தை மாற்றிவிட்டு வாருங்கள்.

பிறகு வண்டியைச் சமதளத்தில் இறக்கி, பானெட்டை நான்கைந்து முறை அழுத்திவிட்டு, சில மீட்டர் முன்னோக்கி உருட்டி நிறுத்துங்கள். ரிவர்ஸில் வந்து நின்றால் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் எதிர்ப்பக்கம் வளைந்து அளவு மாறித் தெரியும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, அசையாதபடி சீட்டோடு கட்டிவிடுங்கள்.

நூல் கட்டுவது

வேலையில் முக்கால்வாசி இதுதான், அவசரம் வேண்டாம். காரின் அகலத்தைவிட 30 செ.மீ. நீளமான நேரான குழாய்கள் இரண்டு எடுங்கள். இரண்டிலும் ஒரே இடைவெளியில் இரண்டு வெட்டுக்குறிகள் போடுங்கள். ஒரு குழாயை முன் பம்பருக்கு முன்னும் மற்றதைப் பின் பம்பருக்குப் பின்னும் சக்கர மைய உயரத்தில் ஸ்டாண்டுகள் மேல் வைத்து, இரு பக்கமும் தூண்டில் நூலை விறைப்பாகக் கட்டுங்கள். குறிகளின் இடைவெளி ஒன்றே என்பதால் நூல்கள் தாமாகவே இணையாக இருக்கும்.

அடுத்து, நூலிலிருந்து முன் வலது, இடது சக்கர மையங்களுக்கு உள்ள தூரம் ஒன்றாகும்வரை முன் குழாயை நகர்த்துங்கள். பின்னாலும் அப்படியே. ஒன்றை நகர்த்தினால் மற்றது கொஞ்சம் மாறும் என்பதால் இரண்டு மூன்று சுற்று வரும். முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக வர வேண்டியதில்லை. மட்பிளாப்பில் நூல் உரசுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளப்பது

0.5 மி.மீ. கோடுள்ள இரும்பு ஸ்கேலை ரிம்மின் முன் விளிம்பில் வைத்து நூல்வரை அளந்து, பிறகு பின் விளிம்பிலும் அளக்க வேண்டும். ஸ்கேல் நூலைத் தொடக்கூடாது. லேசாகத் தள்ளினாலே 1 மி.மீ. போய்விடும். ஒரு கண்ணை மூடி, நூலுக்கு நேர்மேலிருந்து பாருங்கள். முன் அளவு அதிகமானால் டோ-இன் (சக்கரம் உள்நோக்கி), பின் அளவு அதிகமானால் டோ-அவுட் (வெளிநோக்கி). ரிம் வளைந்திருந்தாலும் அளவு ஏமாற்றும். சக்கரம் அரைச்சுற்று வரும்படி வண்டியை முன்னே தள்ளி, மையத் தூரங்களை மறுபடி சரிபார்த்து, மீண்டும் அளந்து சராசரி எடுங்கள்.

கையேட்டில் டோ அளவு டிகிரியில் இருந்தால், 16 அங்குல ரிம்மில் விளிம்புக்கு விளிம்பு சுமார் 43 செ.மீ. எனக் கொண்டு, 0.1 டிகிரி ஏறக்குறைய 0.75 மி.மீ. கொடுத்திருப்பது ஒரு சக்கரத்துக்கா இரண்டும் சேர்த்தா என்று கவனியுங்கள். பலர் தடுக்குவது இங்கேதான்.

இடது +3 மி.மீ., வலது −1 மி.மீ. (டோ-இன் கூட்டல், டோ-அவுட் கழித்தல்) என்று வந்தால் மொத்தம் +2. மொத்த டோ சரியாகவே இருக்கலாம். ஆனால் ஓடும்போது இரு சக்கரமும் +1 ஆகிவிடும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். இடதில் 2 குறைத்து வலதில் 2 கூட்ட வேண்டும்.

பின்சக்கரங்களையும் அளந்து வையுங்கள். இரு பக்கமும் பெரிதாக வேறுபட்டால் பின் அச்சு வளைந்திருக்கலாம். அதை முன்னால் திருத்த முடியாது.

திருத்துவது

டயர் தரையைப் பற்றியிருந்தால் சக்கரம் திரும்பாமல் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். முன்சக்கரம் ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு டைல்ஸை வழவழப்பான பக்கம் எதிரெதிராக, நடுவே கிரீஸ் தடவி வையுங்கள். பின்சக்கரத்தின் அடியிலும் அதே உயரப் பலகை, முன்னும் பின்னும் கட்டை.

டை ராட் எண்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, ராடு சுழலாமல் பூட்டியிருக்கும் லாக் நட்டைத் தளர்த்துங்கள். ரேக் பூட்டின் (ராடின் உள் முனையை மூடிய ரப்பர் உறை) கிளிப்பையும் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக் கிழியும். பிறகு ராடைத் திருப்புங்கள். டை ராட் சக்கர மையத்துக்குப் பின்னால் இருந்தால் ராடை நீட்டும்போது டோ-இன் கூடும். முன்னால் இருந்தால் தலைகீழ். சாதாரண கார்களில் ஒரு முழுச்சுற்றுக்கு ரிம்மில் ஏறத்தாழ 4 முதல் 5 மி.மீ. மாறும். அதனால் கால்சுற்றாகவே போங்கள், ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டு.

லாக் நட்டைக் கையேட்டில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை அளவு) இறுக்கி, மறுபடி அளங்கள். இறுக்கும்போதே டை ராட் எண்ட் சுழன்று அளவு கெடுவதுண்டு. பூட் கிளிப்பைப் போட்டு, டைல்ஸை எடுத்துவிட்டு, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் நேராக நின்றால் வேலை முடிந்தது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரில் மறுஅமைவு செய்ய வேண்டும்.