கோட்டையில் தொடங்காதீர்கள், ரையில் தொடங்குங்கள்

தென்கிழக்கு இங்கிலாந்துக்கு முதல்முறை கிளம்பும் உறவினர்கள் எல்லோரிடமும் நான் இதைத்தான் சொல்கிறேன். அவர்கள் போடியம் கோட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு நேரே அங்கே போக ஆசைப்படுகிறார்கள். மகள் ஆஷ்ஃபோர்டில் குடியேறிய முதல் கோடையில் நானும் அப்படித்தான் போனேன். அகழியின் நடுவே நான்கு மூலைகளிலும் வட்டக் கோபுரங்களோடு அது அழகாக நின்றது. ஆனால் புல்வெளிகளுக்கு நடுவே, கடற்கரையிலிருந்து இவ்வளவு உள்ளே தள்ளி, யாருக்கு அஞ்சி இதைக் கட்டினார்கள் என்பது விளங்கவில்லை. மறு ஆண்டு ரை என்ற சிற்றூரில் தங்கிய பிறகுதான் விளங்கியது. முப்பது ஆண்டு பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். எதைப் பார்க்கிறோம் என்பதைப் போலவே எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம் என்று நம்புகிறேன்.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் நாற்பது நிமிடத்துக்குள் ஆஷ்ஃபோர்டுக்கு வந்துவிடும். அங்கே ரை வழியாகப் போகும் சிறிய ரயிலுக்கு மாற வேண்டும். அது மணிக்கு ஒன்றுதான், எனவே இணைப்பு நேரத்தைப் பார்த்து லண்டனில் ஏறுங்கள். வார நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பிறகு கிளம்பினால் கட்டணம் குறையும். இருவராகச் சேர்ந்தே பயணம் செய்வதாக இருந்தால், ‘டூ டுகெதர்’ ரயில் கார்டு டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தரும்.

ரையில் மூன்று இரவு தங்குங்கள். லண்டனிலிருந்து பகலில் வருபவர்கள் திரும்பிய பிறகும், அவர்கள் வந்துசேருமுன்பும்தான் ஊர் நமக்குக் கிடைக்கிறது. மெர்மெய்ட் தெருவை ஒன்பது மணிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். தரை முழுவதும் உருண்டைக் கற்கள். மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடியுள்ள காலணி இல்லாமல் இறங்க வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்தத் தெருவில் கீழிருந்து மேலாக ஏறுவது நல்லது, இறங்குவதுதான் சிரமம்.

பிறகு செயின்ட் மேரி தேவாலயத்தின் கோபுரத்தில் ஏறுங்கள். வழி மிகக் குறுகலானது, பெரிய பையைக் கீழேயே விட்டுவிடுங்கள். மேலே நின்று தெற்கே பார்த்தால் ஆடு மேயும் சமவெளியும் அதற்கு அப்பால், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தள்ளி, கடலும் தெரியும். ஒரு காலத்தில் கடல் இந்தக் குன்றின் அடியிலேயே இருந்தது. 1377-இல் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் வந்து ஊரைக் கொளுத்தி, தேவாலய மணிகளைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே ரையிலிருந்தும் பக்கத்து ஊரான வின்செல்சியிலிருந்தும் ஆட்கள் பிரான்சின் நார்மண்டிக்குப் போய் அவற்றை மீட்டுவந்ததாக ஊர் வரலாறு சொல்கிறது. இன்றும் ஒரு தெருவின் பெயர் ‘வாட்ச்பெல்’, அதாவது காவல் மணித் தெரு. கோபுரத்தில் நின்றபடியே வடமேற்கே திரும்பி, வளைந்து உள்நாட்டுக்குள் போகும் ராதர் ஆற்றின் பள்ளத்தாக்கைக் கண்ணால் தொடருங்கள். நாளைக்குப் போக வேண்டிய வழி அதுதான்.

இரண்டாம் நாள் போடியம். ரை எரிந்து எட்டே ஆண்டுகளில், 1385-இல், எட்வர்ட் டாலிங்ரிக் என்ற வீரர் கோட்டை கட்ட மன்னர் இரண்டாம் ரிச்சர்டிடம் உரிமம் பெற்றார். ஆற்று வழியே ஏறி வரக்கூடிய எதிரியைத் தடுப்பதற்காக என்பது காரணம். ஆனால் உள்ளே போனதும் சன்னல்களின் அளவைக் கவனியுங்கள். முற்றுகையைத் தாங்க வேண்டிய சுவரில் இவ்வளவு பெரிய சன்னல்கள் ஏன்? அகழி நீரையும் எளிதில் வடித்துவிட முடியும் என்கிறார்கள். உண்மையான அரணா, பிரான்சில் போரிட்டுப் பணம் சேர்த்தவரின் பெருமைச் சின்னமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும்தான் என்பது என் கருத்து. முகப்பு வாயிலில் அண்ணாந்து பாருங்கள்: பழைய மரத் தூக்குக்கதவு இன்னும் தொங்குகிறது. பலர் அதன் அடியிலேயே நடந்தும் அதைக் காணாமல் போய்விடுகிறார்கள்.

இந்த இடம் பிழைத்ததில் நமக்குத் தெரிந்த ஒருவருக்கும் பங்கு உண்டு. வங்காளத்தைப் பிரித்த கர்சன் பிரபு இதை வாங்கி, செப்பனிட்டு, 1925-இல் இறந்தபோது பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். இந்தியாவில் 1904-இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அவர் வைஸ்ராயாக இருந்தபோதுதான். அந்த மனிதரை மன்னிக்க முடியாத எனக்கும், அகழிக் கரையில் தயிர் சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இதை மறைக்கத் தோன்றுவதில்லை.

டென்டர்டன் ஊரிலிருந்து போடியத்துக்குப் பத்தரை மைல் நீராவி ரயில் ஓடுகிறது. 1961-இல் மூடப்பட்டு, பின்னர் ஆர்வலர்கள் கட்டம் கட்டமாக மீட்டெடுத்த பாதை அது. எல்லா நாளும் ஓடாது, அட்டவணையைப் பார்த்துவிட்டே நாளைத் தீர்மானியுங்கள். கிராமப் பேருந்துகளும் அப்படியே. ஒரு ஞாயிறன்று வராத பேருந்துக்காக நிழற்குடையில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன். கார் ஓட்டுபவர்களுக்கு நம்மூரைப் போலவே இடப்பக்கம்தான், ஆனால் இருபுறமும் வேலி உயர்ந்த, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய பாதைகளில் எதிரே வண்டி வந்தால் பின்னோக்கி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தோட்டம். ஒன்றே ஒன்று போதும், மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் என்றால் சிஸிங்ஹர்ஸ்ட் கோட்டைத் தோட்டம். பெயரில் கோட்டை உண்டே தவிர அது கோட்டை அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் ஏழாண்டுப் போரில் அங்கே அடைக்கப்பட்ட பிரெஞ்சுக் கைதிகள் சொன்ன பெயர் ஒட்டிக்கொண்டதாம். எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்டும் அவர் கணவர் ஹரால்ட் நிக்கல்சனும் 1930-இல் இடிபாடாக வாங்கி, அறை அறையாகத் தோட்டம் அமைத்தார்கள். காலைக் கூட்டத்தில் போக வேண்டாம். மூன்று மணிக்கு மேல் போய் முதலில் கோபுரத்தில் ஏறி அமைப்பைப் பார்த்துவிட்டு, வெண்மலர்த் தோட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாயும் வெயிலில்தான் அந்த வெள்ளை ஒளிரும்.

ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் நார்தியம் ஊரில் உள்ள கிரேட் டிக்ஸ்டர். பின்னாளில் புது தில்லியை வடிவமைத்த லட்யன்ஸ், பெனன்டனிலிருந்து ஒரு பழைய மரச்சட்ட வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கிருந்த வீட்டோடு இணைத்தார். அங்கே பிறந்து வளர்ந்த தோட்டக்கலைஞர் கிறிஸ்டபர் லாயிட், முதுமையில் ரோஜாத் தோட்டத்தைத் துணிந்து அகற்றிவிட்டு வாழையும் கல்வாழையும் டேலியாவும் நட்டார். ஆங்கிலேய மரவீட்டின் அருகே வாழையிலை காற்றில் கிழிந்து ஆடுவதைக் கண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

போடியமும் சிஸிங்ஹர்ஸ்டும் நேஷனல் டிரஸ்டுடையவை, டிக்ஸ்டருக்குத் தனி டிக்கெட். டோவர் கோட்டை போன்றவை இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற வேறோர் அமைப்பின் வசம். ஓர் அமைப்பின் பாஸ் மற்றதில் செல்லாது. போகும் இடங்களின் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டே பாஸ் வாங்குங்கள்.

வழியில் மஞ்சள் நிறத்தில் ‘நேஷனல் கார்டன் ஸ்கீம்’ என்ற பலகை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துங்கள். செவிலியர் பணிக்கு நிதி திரட்ட 1927-இல் 609 தோட்டங்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு திறந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. தோட்டத்தின் சொந்தக்காரரே தேநீரும் கேக்கும் தருவார். முட்டை சேர்க்காததா என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார். தொட்டியில் வைத்த நாற்றுகளும் விலைக்கு இருக்கும். சில்லறை எடுத்துப் போங்கள்.