பூனை ஓயாமல் சொறிகிறதா? முதலில் தெள்ளுப்பூச்சியைப் பாருங்க

வால் அடியிலும் பின்தொடையிலும் முடி கொட்டினால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமைதான். பூச்சி கண்ணில் படவில்லை என்று விட்டுவிடாதீங்க, பூனை நக்கியே விழுங்கிவிடும். பேன் சீப்பால் வாரி, வரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத்தாளில் தட்டுங்க. செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரின் மருந்து பல வீடுகளில் இருக்கும். அதைப் பூனைமேல் தடவவே கூடாது. நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் அப்படித்தான். வலிப்பு வந்து உயிரே போகலாம். வேப்பெண்ணெயும் வேண்டாம், தடவியதை நக்காமல் இருக்காது.

பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை, எடை பார்த்து, கால்நடை மருத்துவர் சொன்னபடி மாதாமாதம் பிடரியில் விடணும். வீட்டு நாய்க்கும் அதற்குரிய மருந்து வேணும். பூனையும் நாயும் படுக்கும் சாக்கு, துணியெல்லாம் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்க. முட்டைகள் அங்கேதான் உதிர்ந்து கிடக்கும். சொறி அடங்க சில வாரம் பிடிக்கும்.

வட்டமாக முடி கொட்டி, வீட்டுப் பிள்ளைகளுக்கும் படை வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. மருத்துவம் வேறு, பூனைக்கும் பிள்ளைகளுக்கும் பார்க்கணும்.